தேதியில்லாத ராஜினாமா

திண்டுக்கல்
28.10.2024

பெறுநர்: தலைவர் அவர்கள், கோட்டை பிரதர்ஸ் கால்பந்துக் கழகம், திண்டுக்கல்.

ஐயா,

என் சொந்தக் காரணங்களால் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பில் தொடர இயலாத நிலையில் உள்ளேன். எனவே மேற்கண்ட தேதியிலிருந்து என்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை அளித்த ஆதரவுக்கு நன்றி.

இப்படிக்கு,
ஆ. சுருளிவேல்

(ஏற்றுக்கொள்ளப்பட்டது. சாகுல் ஹமீது, தலைவர்)

*

நெய்க்காரப்பட்டி
4.11.2024

மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு,

சுருளிவேல் எழுதுவது. நான் ராஜினாமா செய்துவிட்ட செய்தி பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சொந்தக் காரணம் என்று போட்டிருக்கிறது. என்ன காரணம் என்று என் மனைவி கேட்டாள். பாயிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மணி அடித்ததும் அறுந்துபோகிறது. உங்கள் மருமகன் பைசலிடம் கேட்டால், “மாமா ஒங்க நம்பர பிளாக் பண்ணிட்டாரு கோச், நான் என்ன செய்ய?” என்கிறார். சரி, தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாதே என்று எழுத உட்கார்ந்தேன்.

ஜூன் மாதம் உங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் மாடி ஆபீஸில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பைசல் என் முன்னால் இரண்டு காகிதம் வைத்தார். ஒன்று வேலைக்கான உத்தரவு. இன்னொன்று ராஜினாமாக் கடிதம், தேதி மட்டும் காலி. “எல்லா கோச்சும் போட்டதுதான், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்றார். நீங்கள் எதிரே உட்கார்ந்து எனக்குச் சமோசாவைத் தள்ளி வைத்தீர்கள். நான் போட்டுவிட்டேன். எனக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு முழு சீசன், என் கையில் ஒரு அணி, அது மட்டும் எனக்கு வாய்த்ததே இல்லை. அந்த ஆசையில் இருந்தவனிடம் வீட்டுப் பத்திரத்தை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பான்.

ஒன்பது ஆட்டத்தில் இரண்டு வெற்றி, மூன்று தோல்வி, நான்கு டிரா. பெருமைப்படும்படி இல்லை, தெரியும். ஜெயித்த இரண்டு ஞாயிறும் உங்கள் வீட்டிலிருந்து பிரியாணி அண்டா மைதானத்துக்கு வந்தது. மற்ற ஏழு ஞாயிறும் வரவில்லை. “டிராவுக்கு ஒரு முட்டையாச்சும் அனுப்பலாம்ல சார்” என்று நம் அணிப் பையன் அக்மல் சிரிப்பான். அப்புறம் எல்லோரும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் பசியோடு நடப்பார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். முப்பத்தோராவது நிமிடத்தில் கோல்கீப்பர் முத்துக்கிருஷ்ணன் கைக்கு வந்த பந்தை விட்டான். இடைவேளையில் நீங்கள் விருந்தாளிகளோடு உள்ளே வந்து, எல்லோர் முன்னாலும் “அவன வெளிய உக்கார வையி” என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். அகரத்திலிருந்து முதல் டவுன் பஸ் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிற பையன் அவன். அன்றைக்கு வெளியே உட்கார வைத்திருந்தால் மறுபடி உள்ளே வந்திருக்க மாட்டான். இரண்டாம் பாதியில் இரண்டு நிச்சயமான கோலை அவன் தடுத்தான். ஆனாலும் ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றோம். மறுநாளே என் கடிதத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது.

வேலையைத் திரும்பக் கேட்டு எழுதவில்லை. இங்கே என் மனைவியின் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலை கிடைத்துவிட்டது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் நாள் பயிற்சியில் அக்மல் என்னிடம், “நீங்க எம்புட்டு நாளைக்கு சார்?” என்று கேட்டான். நாலு வருடத்தில் நான் ஏழாவது ஆள். முந்தைய ஆறு பேரும் ராஜினாமா செய்து போனவர்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் சொன்னேன்: “சீசன் முடியுற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்டா. இது வாக்கு.” இப்போது என் கையெழுத்தோடு அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். முத்துக்கிருஷ்ணனிடமிருந்து எனக்கு வந்தது ஒரே வரி. “நீங்களுமா சார்?” அதன் பிறகு அவன் போனை எடுக்கவில்லை.

நான் விட்டுவிட்டு ஓடவில்லை என்று அந்தப் பையன்களிடம் சொல்லுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
சுருளிவேல்

*

786
திண்டுக்கல்
12.11.2024

அன்புள்ள கோச் சுருளிவேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் தடவை படித்ததும் கிழிக்கப் போனேன். என் மனைவி நஜ்முன்னிசா பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். மூன்று நாள் கழித்து, “இப்பக் கோவம் தீந்துருச்சா? பதில் எழுதுங்க” என்று எடுத்துக் கொடுத்தாள். முழுக்கத் தீரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் நம்பரை அடைத்ததற்குக் காரணம் என் வாய். போனில் பேசினால் எதையாவது சொல்லிவிடுவேன். காகிதத்தில் சொன்னால் மனைவி படித்துப் பார்த்துத்தான் அனுப்புவாள்.

கோச், முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தை மைதானம் ஆக்கியது யார்? போர் போட்டது, வேலி அடைத்தது, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் விட்டது, பையன்கள் காலுக்கு பூட்ஸ் போட்டது யார்? இவ்வளவும் செய்தவன் ஒரு கோல்கீப்பரை மாற்று என்று சொல்லக் கூடாதா? அன்றைக்கு என்னோடு வந்தவர்கள் சென்னையிலிருந்து சரக்கு எடுக்க வந்த பெரிய வியாபாரிகள். “என் டீம வந்து பாருங்க” என்று பெருமையாகக் கூட்டி வந்தேன். அவர்கள் எதிரில் ‘மாட்டேன்’ என்று என் மூஞ்சிக்கு நேரே சொன்னீர்கள். அந்த இடத்தில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

என் தொழிலில் ஒரு சரக்கு சரியில்லை என்றால் அன்றைக்கே தள்ளிவிட வேண்டும். வைத்துக்கொண்டு பார்த்தால் பக்கத்தில் இருப்பதும் கெடும். அப்படித்தான் வளர்ந்தேன். அணி ஜெயிக்கவில்லை என்றால் ஆளை மாற்றிப் பார்க்கிறேன். இதில் என்ன தப்பு?

ராஜினாமாக் காகிதத்தைப் பற்றிக் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத்தான் என் மேல் கோபம் இருக்கிறது.

என் அத்தா ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். பத்தொன்பது வருடம். 1974இல் ஒரு சரக்கு கெட்டுப்போனது. அவர் மேல் தப்பா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. நாற்பது ஆட்கள் நடுவே நிற்க வைத்து, “ஒன்ன வேலைய விட்டு நீக்கிட்டேன், போ” என்று முதலாளி சொன்னார். நான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். ஒன்பது வயது. தூக்குவாளியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அதற்கப்புறம் அவர் எந்த ஷாப்புக்குப் போனாலும் ‘நீக்கப்பட்டவன்’ என்ற பேச்சு அவருக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. சாகிறவரை தள்ளுவண்டியில் பழம் விற்றார்.

நான் முதலாளி ஆனபோது ஒன்று முடிவு செய்தேன். என் வாயால், என் கையால் யாரையும் நீக்க மாட்டேன். அதற்காகத்தான் முன்கூட்டியே அந்தக் காகிதம். என்னிடமிருந்து போன எவருக்கும் கெட்ட பெயர் இல்லை. எல்லோரும் தாங்களாகவே மரியாதையாகப் போனவர்கள். உங்களுக்கு அந்தப் பள்ளிக்கூட வேலை இத்தனை சீக்கிரம் கிடைத்ததற்கும் அதுதான் காரணம். இது நான் செய்த உபகாரம். நீங்கள் அதைத் துரோகம் போல எழுதியிருக்கிறீர்கள்.

மதுரையிலிருந்து புதுக் கோச் வருகிறார். பையன்களிடம் எதுவும் சொல்ல எனக்கு உத்தேசம் இல்லை.

அன்புடன்,
சாகுல் ஹமீது

*

நெய்க்காரப்பட்டி
19.11.2024

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

உங்கள் அத்தாவைப் பற்றிப் படித்தேன். அந்தத் தூக்குவாளி கண்ணிலேயே நின்றது. விருந்தாளிகள் முன்னால் உங்களை எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ஆனால் பாய், நீங்கள் செய்தது உபகாரம் இல்லை. உங்கள் அத்தாவின் மானம் போனதுபோல் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்று நினைத்தீர்கள், அந்த நினைப்பு நல்லது. அதற்காக ஏழு பேரைச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவர்களாக ஆக்கிவிட்டீர்களே. உங்கள் அத்தாவுக்கு வேலை போனது, வாக்குப் போகவில்லை. அவர் வீட்டுக்கு வந்து, “அவன் என்னய வெளிய அனுப்பிட்டான்” என்று உங்கள் அம்மாவிடம் சொல்ல முடிந்தது. என்னால் அதைக்கூடச் சொல்ல முடியாது. என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

போன வாரம் பழனி பஸ் ஸ்டாண்டில் முத்துக்கிருஷ்ணனைப் பார்த்தேன். ஏதோ கல்யாணத்துக்கு வந்திருப்பான் போல, வேட்டி கட்டியிருந்தான். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். அப்புறம் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான். அது திண்டுக்கல் பஸ்கூட இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வினோதமான வேண்டுகோள். தயவுசெய்து என்னை டிஸ்மிஸ் செய்யுங்கள். தேதி போட்டு, காரணம் எழுதி, உங்கள் கையெழுத்தோடு. அதைப் பையன்கள் முன்னால் படியுங்கள். இன்னொரு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள். ‘நீக்கப்பட்டவன்’ என்ற பெயரோடு நான் வாழ்ந்துகொள்வேன். ‘விட்டுட்டுப் போனவன்’ என்ற பெயரோடு முடியவில்லை.

இன்னொன்று. உங்கள் மேஸ்திரி மலைச்சாமி இருபத்தாறு வருடமாக உங்களிடம் இருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பார்ப்பார். அவரிடம் இப்படி ஒரு காகிதம் வாங்கியிருக்க மாட்டீர்கள். அவரை நம்பினீர்கள், அதனால் அவர் நிலைத்தார், ஷாப்பும் நிலைத்தது. அதில் ஒரு பங்கு நம்பிக்கையைப் பந்தாட்டத்துக்கும் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இங்கே பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். “ஏனுங்க சார், இன்னைக்கு பி.டி. பீரியடு இருக்குதுங்களா?” என்று காலையிலேயே வந்து நிற்கிறார்கள். கணக்கு வாத்தியார் பாதி நாள் அந்தப் பீரியடைப் பிடுங்கிக்கொள்கிறார்.

இப்படிக்கு,
சுருளிவேல்

*

786
திண்டுக்கல்
6.1.2025

அன்புள்ள கோச் அவர்களுக்கு,

ஒன்றரை மாதம் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

மதுரைக்காரர் வந்தார். இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். ஐந்து ஆட்டம் ஆடினோம், நான்கு தோல்வி, ஒரு டிரா. போன மாதக் கடைசியில் அவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துவிட்டது. போகிறேன் என்று என்னிடம் சொல்லக்கூட இல்லை. பைசலுக்கு போன் போட்டு, “அந்த லெட்டர்ல தேதிய நீங்களே போட்டுக்கங்க தம்பி” என்றாராம். நஜ்முன்னிசா இதைக் கேட்டுவிட்டு அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முத்துக்கிருஷ்ணன் மைதானத்துக்கு வருவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. மற்றவர்கள் வருகிறார்கள், நிற்கிறார்கள், போகிறார்கள். ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைத்து, ஏன் யாரும் ஓடுவதில்லை என்று சத்தம் போட்டேன். அக்மல்தான் எழுந்தான். “பாய், தப்பா எடுத்துக்காதீங்க. புதுக் கோச் பேரு எங்க வாய்ல வாரதுக்குள்ள அவரு போயிருறாரு. யாருக்காக ஓட?” என்றான். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான், எனக்காக ஓடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் பிள்ளை வயசுப் பையன், கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டான்.

நீங்கள் மலைச்சாமியைப் பற்றி எழுதிய வரி என்னை விடவில்லை. அவரிடம் காகிதம் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சந்தேகத்துக்குப் பழைய பீரோவைத் திறந்தேன். இருந்தது. 1998ஆம் வருடத்துக் காகிதம். கைநாட்டு. தேதி காலி. வாங்கியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மலைச்சாமியை மாடிக்குக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். “இது எங்கிட்ட இருக்கறது ஒமக்கு ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“மறக்குமா மொதலாளி? நீங்க கோவமா மாடிப்படி ஏறுறப்பல்லாம், அந்தக் காயிதத்த எடுக்கத்தான் போறீகன்னு நெனப்பேன். செத்த நேரத்துல எறங்கி வந்து டீ கேப்பீக. அப்பறந்தான் எனக்கு மூச்சே வரும்” என்றார்.

இருபத்தாறு வருடம் கோச். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் படி ஏறுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர் என்னை நம்பி இருக்கிறார் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அவர் பயந்து இருந்திருக்கிறார்.

காகிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். கிழித்துப்போடுவார் என்று பார்த்தேன். நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, “வீட்ல கருப்பாயிகிட்ட காட்டிட்டு அப்பறம் கிழிக்கிறேன். அவளும் இம்புட்டு வருசமா பயந்தவதான்” என்று இறங்கிப் போனார்.

கோச், திரும்பி வாருங்கள். எந்தக் காகிதமும் வேண்டாம். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் டிஸ்மிஸ் என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். அந்தச் சொல் என் கைக்கு வராது.

அன்புடன்,
சாகுல் ஹமீது

*

நெய்க்காரப்பட்டி
17.1.2025

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

நம்பர் திறந்திருப்பது தெரியும். ஆனாலும் எழுதவே தோன்றுகிறது. போனில் என்றால் நீங்கள் “வாங்க கோச்” என்பீர்கள், நானும் உடனே “வாரேன் பாய்” என்றுவிடுவேன். எனக்கு அவ்வளவு ஆசை இருக்கிறது. அதனால்தான் போனைத் தொடவில்லை.

மலைச்சாமி அண்ணனைப் பற்றிப் படித்ததும் எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது. காரணம் சொல்கிறேன். நான் இதுவரை உங்கள் மேல் மட்டுமே பழி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். தேதியில்லாத ராஜினாமாவில் காலையில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குச் சாயந்திரமே பையன்களிடம், சீசன் முடிகிறவரை எங்கேயும் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றுவது என் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் மேஜை டிராயரில் இருந்தது அது. தெரிந்தே கொடுத்தேன். நன்றாக ஆடினால் பாய்க்கு அந்தக் காகிதம் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பையன்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், “நீங்களுமா சார்?” என்று முத்துக்கிருஷ்ணன் கேட்டிருக்க மாட்டான். அவன் கேட்டது நியாயம்தான்.

அதனால்தான் அந்த உத்தரவு வேண்டும் என்கிறேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து மைதானத்தில் விசில் ஊதினால், போனவன் வந்துவிட்டான், இன்னொரு நாள் போவான் என்றுதான் நினைப்பார்கள். ஏன் போனேன் என்பது தெரிந்தால்தான் நான் இருப்பதற்கு அர்த்தம். என் பங்குப் பொய்யை நானே அவர்களிடம் சொல்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல் கைக்கு வராது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அத்தாவை நீக்கியவர் காரணம் சொல்லவில்லை பாய். தப்பா இல்லையா என்று பார்க்கவும் இல்லை. நீங்கள் காரணத்தை எழுதுங்கள், உள்ளது உள்ளபடி. அப்போது அது வேறு சொல்லாகிவிடும்.

பொங்கல் நல்லபடியாகப் போனது.

இப்படிக்கு,
சுருளிவேல்

*

கோட்டை பிரதர்ஸ் கால்பந்துக் கழகம்
திண்டுக்கல்
26.1.2025

உத்தரவு

கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் திரு. ஆ. சுருளிவேல் அவர்களை 28.10.2024 அன்று பணியிலிருந்து நீக்கியவன் நான். அவர் தாமாகப் போகவில்லை. அவர் பெயரில் வந்த ராஜினாமாவில் தேதி போட்டது என் கை.

நீக்கியதற்குக் காரணம்: கோல்கீப்பரை வெளியே உட்கார வைக்கச் சொன்னேன், அவர் மறுத்தார். விருந்தாளிகள் முன்னால் மறுத்ததை என்னால் தாங்க முடியவில்லை. இதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆட்டத்தைப் பொறுத்தவரை அவர் செய்தது சரி.

அவருக்கு முன்னால் போன ஆறு பேருக்கும் இதே முறைதான் நடந்தது.

சாகுல் ஹமீது
தலைவர்

*

786
திண்டுக்கல்
27.1.2025

அன்புள்ள கோச் அவர்களுக்கு,

இதோடு உத்தரவு இருக்கிறது. பைசல் டைப் அடித்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று நானே எழுதினேன். பதினோரு காகிதம் வீணானது. நடுவில் ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ‘நீக்கியவன் நான்’ என்று எழுதும்போது அத்தா பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. கோபமாக இல்லை. சும்மா நின்றார்.

நேற்று காலை மைதானத்தில் குடியரசு தினக் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் படித்தேன். அகரத்துக்கு மலைச்சாமியை அனுப்பியிருந்தேன். முத்துக்கிருஷ்ணன் வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை, வேலிக்கு வெளியே நின்றான். ‘கோல்கீப்பரை’ என்ற இடம் வந்ததும் இன்னும் சத்தமாகப் படித்தேன், வேலி வரைக்கும் கேட்க வேண்டுமே.

முடித்ததும் அக்மல் கை தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். டிஸ்மிஸ் உத்தரவுக்குக் கைதட்டல் வாங்கிய முதலாளி நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முத்துக்கிருஷ்ணன் உள்ளே வந்து காகிதத்தைக் கேட்டு வாங்கினான். தானே ஒரு முறை படித்தான். போனில் படம் எடுத்துக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

இனி உங்கள் முடிவு.

அன்புடன்,
சாகுல் ஹமீது

*

நெய்க்காரப்பட்டி
3.2.2025

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

உத்தரவு கிடைத்தது. இவ்வளவு சந்தோஷமாக இதுவரை யாரும் டிஸ்மிஸ் ஆகியிருக்க மாட்டார்கள். பழனியில் கொடுத்து லேமினேஷன் போட்டு, என் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை பள்ளி விடுகிற நேரம் வாசலில் முத்துக்கிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தான். இந்தத் தடவை சரியான பஸ்ஸில்தான் ஏறியிருந்தான். “மன்னிச்சுக்கங்க சார்” என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்று சொல்லி, காலையில் கையெழுத்து, சாயந்திரம் வாக்கு என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். “தெரிஞ்சிருந்தா நாங்க அந்த டிராயர ஒடச்சிருப்போம்ல சார்” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

பாய், வருகிறேன். ஏப்ரல் பாதிவரை இந்தப் பள்ளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை முடித்துவிட்டுத்தான். அதுவரை ஞாயிறு மட்டும் வந்து போகிறேன். இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆட்டம் நடக்கும்போது நீங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். என்னை அனுப்ப நினைத்தால் இப்போது செய்ததுபோலவே செய்ய வேண்டும், தேதி, காரணம், உங்கள் கையெழுத்து.

அணி ஜெயிக்கும் என்று உறுதி தர மாட்டேன். முதலில் தோற்போம் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
சுருளிவேல்

*

786
திண்டுக்கல்
14.7.2025

கோச் அவர்களுக்கு,

மைதானத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், இங்கே நான் இருக்கிறேன், நடுவில் பத்து நிமிட தூரம். ஆனாலும் நேரில் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. அதனால் பைசலிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

புது சீசனில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. நேற்று நான்குக்குப் பூஜ்யம். நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நின்றேன், சாட்சிக்கு மலைச்சாமி இருக்கிறார். மூன்றாவது கோல் விழுந்ததும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே உட்கார்ந்து என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன்.

இன்று காலை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேஜை டிராயரை இழுத்தேன். நாலு வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. உள்ளே தேதி போட ஒரு காகிதமும் இல்லை. வெள்ளைத் தாள்தான் இருந்தது. உங்களை நீக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தேன். ‘நான்கு கோல்’ என்று எழுதலாம். அது பையன்கள் வாங்கியது, நீங்கள் போட்டது இல்லை. ‘எனக்குப் பொறுமை இல்லை’ என்று எழுதலாம். அதைக் கையெழுத்துப் போட்டு அவர்கள் முன்னால் படிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திறந்த பேனாவைச் சும்மா மூட மனமில்லாமல் இதை எழுதுகிறேன். வருகிற ஞாயிறு பயிற்சி முடிந்ததும் அண்டா அனுப்புகிறேன். எத்தனை பேருக்குச் சொல்ல?

சாகுல் ஹமீது

*

மைதானம்
14.7.2025

பாய்,

பைசல் பக்கத்தில் காத்திருக்கிறார், அவசரமாக எழுதுகிறேன். பையன்கள் இருபத்திரண்டு, என்னோடு இருபத்து மூன்று, மலைச்சாமி அண்ணன் வந்தால் இருபத்து நான்கு. நீங்களும் எங்களோடு கீழே உட்கார்ந்தால் இருபத்தைந்து.

கடிதத்தைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. தோற்றதுக்கு வருகிற அண்டாவில் கறி இருக்குமா, இல்லை வெறும் குஸ்காவா என்று அக்மல் கேட்கச் சொல்கிறான்.

சுருளிவேல்

*

786
14.7.2025

கறி பிரியாணிதான். ஆளுக்கு ஒரு முட்டையும் உண்டு என்று அக்மலிடம் சொல்லுங்கள்.

இருபத்தைந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரேன்.

சாகுல் ஹமீது